ஊற்றுப்பாறையின் வெங்காயத்தோல்

சிலுமுத்,
5 செப்டம்பர் 1994

பாண்டுங் தாவரக்கூடத்தின் இபு தியுர்மா சிஹொம்பிங் அவர்களுக்கு,

நீங்கள் ஒரு பெரணிக்குத் தவறான பெயர் கொடுத்துவிட்டீர்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் அதைச் சுரண்டி எறியப் போகிறார்கள். பிழை உங்களுடையது. இதை முதலில் எழுதிவிட்டேன். மரியாதை, நலம் விசாரிப்பு எல்லாம் இதற்குப் பிறகு இருப்பதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஓடங் ஜும்ஹானா. வயது எழுபத்தொன்று. சந்தையில் நாற்பத்து நான்கு வருடம் கைக்கடிகாரம் பழுது பார்த்தவன். பள்ளிக்கூடம் போனது மூன்று வருடம். பெரணியைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் ஊற்றில் முகம் கழுவப் போனேன். கண்ணில் செருகும் லென்ஸ் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பாறையில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்ததைச் சும்மா லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊரில் அதற்கு வெங்காயத்தோல் என்று பெயர். பெருவிரல் நீளம்கூட இருக்காது. இலையைப் பத்திரிகைமேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்தை வாசிக்கலாம். ஓடையில் இன்னொரு வெங்காயத்தோலும் இருக்கிறது. அது எங்கும் கிடக்கிற சாதி. அதன் வித்துப்பை சிப்பி வாய் மாதிரி இரண்டாகத் திறக்கும். ஊற்றுப்பாறையின் மேல்விளிம்புக்கு அடியில் இருப்பது அந்தச் சாதி இல்லை. இதன் வித்துப்பை ஊதுகுழல் மாதிரி. குழலுக்குள்ளிருந்து ஒரு மயிர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தவிர, இலை விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். எந்த நரம்போடும் சேராத கோடு. சாவி கொடுக்கிற தண்டோடு சேராத சக்கரம் எதற்கு என்று யோசிப்பேனே, அப்படி அதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதி, இலையையும் வைத்து ஜூலையில் உங்களுக்கு அனுப்பினேன். நீங்கள் எனக்குப் பதில் எழுதவில்லை. எங்கள் தண்ணீர்க் கமிட்டிக்கு எழுதினீர்கள். 'மலையில் எல்லா ஈரப்பாறைகளிலும் காணப்படும் சாதாரணப் பெரணி. சுத்தம் செய்வதில் தடையில்லை.'

கமிட்டித் தலைவர் எந்தாங். என் மகள் இமாஸின் புருஷன், என்னை அபா என்று கூப்பிடுகிறவன். உங்கள் கடிதத்தை மசூதி வாசலில் எல்லார் முன்னாலும் வாசித்தான்.

"அபா, பாண்டுங்குலேருந்தே எழுதிட்டாங்க. சாதாரணப் பெரணியாம். இனிமே உங்க வெங்காயத்தோலைச் சம்பால்ல தொட்டு நீங்களே தின்ன வேண்டியதுதான்!"

நாங்கள் சுண்டாக்காரர்கள், எந்த இலையையும் மிளகாய்ச் சம்பாலில் தொட்டுத் தின்பவர்கள். அதனால் சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் நாற்று விடுவதற்கு முன் தண்ணீருக்கு விருந்து வைப்போம். அதற்கு முதல் நாள் ஊரே கூடி ஊற்றுப் பாறைகளைப் பனைநார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவும். மேல்விளிம்பு கைக்கு எட்டாது, நான் ஏணி சாய்த்துத்தான் ஏறுவேன். அதனால் இத்தனை காலம் தப்பித்தது. இந்த வருடம் குழாயில் பாசி அடைக்கிறது என்று மூங்கில் சாரம் கட்டுகிறார்கள். விருந்து அக்டோபர் பதினாறு. தேய்ப்பது பதினைந்து.

அதற்குள் உங்கள் பிழையைத் திருத்துங்கள்.

ஓடங் ஜும்ஹானா

*

பாண்டுங்,
12 செப்டம்பர் 1994

மதிப்புக்குரிய பாக் ஓடங்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நான் பதாக்கு இனத்துக்காரி. எங்கள் பக்கம் கோபம் வந்தால் சத்தம் போட்டுத் தீர்த்துவிடுவோம். சுண்டாக்காரர்கள் கோபத்தை மென்று விழுங்குவார்கள் என்று இங்கே முப்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். அப்படிச் சொன்னவர்களுக்கு உங்களைத் தெரியாது போலிருக்கிறது.

உங்களுக்குப் பதில் எழுதாதது என் தவறு. கமிட்டி அலுவலக முத்திரையோடு கேட்டிருந்தது, அதனால் அதற்கு முதலில் எழுதினேன். பிறகு உங்கள் கடிதம் அடியில் போய்விட்டது.

பெயர் விஷயம் வேறு. உங்கள் பொட்டலத்தை நேற்று மறுபடி எடுத்தேன். காய்ந்த இலையை வெந்நீரில் ஊறவைத்து, விரித்து, உருப்பெருக்கியில் பார்த்தேன். வித்துப்பை ஒன்று இருக்கிறது. சிப்பி வாய்தான். இரண்டு உதடும் தெளிவாகத் தெரிகின்றன. அதை வைத்துத்தான் பெயர் சொன்னேன். யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆனால் இந்தத் தடவை சில விஷயங்கள் எனக்கு உறுத்தின. பொட்டலத்தில் பதினொரு இலைகள். வித்துப்பை இருப்பது தனியாகக் கிடந்த ஒரு சிறு துண்டில் மட்டும். மற்ற இலைகளில் ஒன்றுகூட இல்லை. இருந்து விழுந்த அடையாளமாக நுனிகள் மொட்டையாக இருக்கின்றன. இலைகள் மங்கி, தொட்டால் நொறுங்குகின்றன. நீங்கள் சொல்லும் விளிம்புக் கோடு இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இந்தக் குடும்பத்துப் பெரணிகளில் சதை ஓர் அடுக்குத்தான். காய்ந்தால் சுருங்கும், நனைத்தால் விரியும். இப்படி நொறுங்காது.

பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு வாசனை வேறு.

அனுப்புவதற்கு முன் இலைகளை என்ன செய்தீர்கள்?

தியுர்மா சிஹொம்பிங்

*

சிலுமுத்,
17 செப்டம்பர் 1994

இபு தியுர்மா அவர்களுக்கு,

பெயரைப் பற்றிக் கேட்டால் வாசனையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

இலைகளைச் சுத்தமாகத்தான் அனுப்பினேன். அழுக்கோடு ஒரு பொருளை நான் யாருக்கும் திருப்பிக் கொடுத்ததில்லை. என் பொட்டலத்தில் ஒரு மணல் துகள் இருந்திருந்தால் சொல்லுங்கள். நாற்பத்து நான்கு வருடத்தில் என் கையிலிருந்து போன எந்தக் கடிகாரத்தின் மூடியைத் திறந்தாலும் உள்ளே கடுகளவு தூசிகூட இருக்காது. பெரணிக்கும் அதே மரியாதையைத்தான் கொடுத்தேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்து நானே வரைந்தது. குழலையும் மயிரையும் பாருங்கள். இல்லாததை வரைவதற்கு எனக்கு என்ன பைத்தியமா?

நேற்றுக் காப்பிக் கடையில் எந்தாங் வந்து உட்கார்ந்தான்.

"அபா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அந்தப் பெரணி போனா யாருக்கு என்ன?"

"நீ போனா யாருக்கு என்ன?"

"இமாஸ் அழுவா."

"ரெண்டு நாள்."

கடைக்காரர் காப்பியைக் கொட்டிக்கொண்டார். எந்தாங்கும் சிரித்தான். கெட்டவன் இல்லை. போன வெயில் காலத்தில் குழாய் அடைத்து, கீழ்ப்பக்கத்து இருபது வீட்டுக்கு ஆறு நாள் தண்ணீர் இல்லை. அவனைத்தான் எல்லாரும் ஏசினார்கள். அதனால் பாறையில் பச்சை தெரிந்தாலே அவனுக்குக் கை அரிக்கிறது. ஆனால் பாசி வேறு, இது வேறு. இது மண்ணைக்கூடப் பிடித்துக்கொள்ளாது. பாறையில் ஈரம் மட்டும் போதும் அதற்கு. குழாய்க்குள் இது ஒருநாளும் போகாது. சொன்னால், "பாண்டுங்குக்காரம்மா அப்படி எழுதலையே அபா" என்கிறான்.

நீங்கள் நேரில் வந்து பாருங்கள். பேருந்து இருக்கிறது.

ஓடங் ஜும்ஹானா

*

பாண்டுங்,
23 செப்டம்பர் 1994

பாக் ஓடங்,

முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து ஒரு மாதம்தான் ஆகிறது. உங்கள் ஊற்றுக்கு ஏறிவர என்னால் முடியாது. இல்லாவிட்டால் வந்திருப்பேன்.

நேராகவே கேட்கிறேன். இலைகளைப் பெட்ரோலில் கழுவினீர்கள், இல்லையா?

என் தகப்பனார் எங்கள் ஊர் பாலிகேயில் இருந்தபோது ஒரு கடிகாரக்காரரிடம் போவார், நானும் கூடப் போவேன். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றி, சக்கரங்களைப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்ப்பார். அந்த வாசனை எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பொட்டலத்தில் வந்தது அதுதான்.

நடந்தது இதுவாக இருக்க வேண்டும். பாறையிலிருந்து எடுக்கும்போது உங்கள் பெரணியோடு சாதாரணப் பெரணியின் ஒரு துண்டும் பின்னிக்கொண்டு வந்திருக்கிறது. நீங்கள் பிரஷ் போட்டுத் தேய்த்தபோது உங்கள் பெரணியின் குழல்கள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. அவை ஊசிமுனை அளவுதானே. அந்தத் துண்டில் இருந்த சிப்பி வாய் ஒன்று மட்டும் எப்படியோ தப்பித்துவிட்டது. நான் அதைப் பார்த்து மொத்தத்துக்கும் பெயர் வைத்தேன்.

இதில் என் பங்கும் இருக்கிறது. தனித் துண்டில் இருக்கும் ஒரே ஒரு வித்துப்பையை வைத்துப் பெயர் சொல்லியிருக்கக் கூடாது. 'போதாது, மறுபடி அனுப்பவும்' என்று எழுதியிருக்க வேண்டும். இளையவர் யாராவது இப்படிச் செய்திருந்தால் கூப்பிட்டு வைத்துத் திட்டியிருப்பேன்.

ஆனால் இது ஊகம். ஊகத்தை வைத்தும், உங்கள் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்தும், நான் கமிட்டிக்குக் கடிதம் எழுத முடியாது. உயிரோடு ஒன்று வேண்டும். இப்படிச் செய்யுங்கள்: கட்டைவிரல் அளவுக்கு மேல் எடுக்காதீர்கள். அது ஒட்டியிருக்கும் பாசியோடு சேர்த்து எடுங்கள். கண்ணாடிச் சீசாவில் போட்டு, ஊற்றுத் தண்ணீர் நாலு சொட்டு விட்டு மூடுங்கள்.

கழுவாதீர்கள். தேய்க்காதீர்கள். ஊதவும் ஊதாதீர்கள்.

தியுர்மா

*

சிலுமுத்,
3 அக்டோபர் 1994

இபு தியுர்மா அவர்களுக்கு,

சீசா இந்தக் கடிதத்தோடு வருகிறது. பேருந்து நடத்துநர் ஜாஜா மடியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கடிகாரத்தை நான்தான் மூன்று தடவை பிழைக்க வைத்தேன்.

பத்து நாள் பதில் எழுதவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

போன வியாழக்கிழமை போனேன். சாரம் கட்டிவிட்டார்கள். அதில் ஏறித்தான் எடுத்தேன். அதற்கு உபயோகமாகத்தான் இருந்தது. கீழே எந்தாங் குழாய் மூட்டைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அபா, எழுபது வயசுல சாரத்துல ஏறி என்ன பண்றீங்க? இமாஸுக்குத் தெரிஞ்சா எனக்குச் சோறு கிடையாது."

"எழுபத்தொண்ணு. நீ கீழே பாரு, ஸ்பேனரு நழுவுது."

நழுவியது. அவன் கால் விரலில் விழுந்தது. அவன் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், நான் என் வேலையைப் பார்த்தேன்.

கட்டைவிரல் அளவுதான் எடுத்தேன். பாசியோடு. கழுவவில்லை. அதில் ஒரு சின்ன நத்தையும் இருக்கிறது. அதையும் நான் எடுத்துப் போடவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி.

வீட்டுக்கு வந்து சீசாவை மேசையில் வைத்து, லென்ஸ் இல்லாமல் வெறுங்கண்ணால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருடத்தில் இலையை அதன் அழுக்கோடு நான் வீட்டுக்குள் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை.

நீங்கள் கேட்ட மற்ற விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை.

ஓடங் ஜும்ஹானா

*

பாண்டுங்,
10 அக்டோபர் 1994

பாக் ஓடங்,

சீசா பத்திரமாக வந்தது. ஜாஜா மேசைமேல் வைத்துவிட்டு, "அந்தப் பெரியவர் இதுக்கு டிக்கெட் எடுக்கணும்னு சொன்னாரு இபு, நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றார். நத்தையும் சுகம்.

நீங்கள் சொன்னது சரி.

வித்துப்பைகள் ஒன்பது. ஒன்பதும் குழல். ஆறில் மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. விளிம்பில் கோடு ஓடுகிறது, எந்த நரம்போடும் சேராமல். உங்கள் படத்தை உருப்பெருக்கிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே நீங்கள் விட்ட இடைவெளிகூடச் சரி.

இது உலகத்துக்குப் புதிய பெரணி இல்லை. அதை நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்கவும். இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. லத்தீனில் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் கூடத்தில் இதன் இலை ஒட்டிய தாள்கள் இரண்டே இரண்டுதான், இரண்டும் கிழக்கே வேறு மலைகளில் எடுத்தவை. உங்கள் மலையில் இதை இதுவரை யாரும் எடுத்துப் பதிந்ததில்லை. அந்தப் பாறையில் எவ்வளவு இருக்கிறது என்று ஜூலையில் எழுதியிருந்தீர்கள், ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். எங்களுக்குத் தெரிந்தவரை உங்கள் மலையில் இருப்பதெல்லாம் அந்தத் தட்டு அகலம்தான்.

கமிட்டிக்கு எழுதிய கடிதம் இந்த உறையிலேயே இருக்கிறது. ஒட்டவில்லை, வாசித்துப் பாருங்கள். முதல் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், பாறையின் மேல்விளிம்பைத் தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். முன்பு ஒன்று சொல்லி இப்போது வேறு சொல்வது ஏன் என்று எழுதாமல் இதை அனுப்ப முடியாது. அதனால் இரண்டு காரணத்தையும் எழுதிவிட்டேன். ஆய்வாளர் போதாத ஆதாரத்தில் பெயர் சொன்னார். சேகரித்தவர் இலைகளைப் பெட்ரோலில் கழுவினார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை எடுக்கச் சொல்லிக் கேட்பீர்கள். எடுக்க மாட்டேன். முதல் வாக்கியத்தையும் எடுக்கவில்லை, பாருங்கள்.

தபாலில் கமிட்டிக்கே அனுப்பியிருக்கலாம். விருந்துக்கு முன் போய்ச் சேருமா என்று தெரியவில்லை. ஜாஜா புதன்கிழமை உங்கள் கையில் கொடுப்பார். எந்தாங்கிடம் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

எங்கள் பதாக்கு வாழ்த்தோடு முடிக்கிறேன்: ஹோராஸ், அபா. உங்களை அப்பா முறையில் இப்படிக் கூப்பிடுவதில் கோபம் இல்லையென்றால்.

தியுர்மா

*

சிலுமுத்,
18 அக்டோபர் 1994

இபு தியுர்மாவுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை, பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணிக்கு என் கையில் கிடைத்தது. ஜாஜாமேல் பழி இல்லை. உங்கள்மேலும் இல்லை.

வாசித்துவிட்டு, உதிரிச் சக்கரங்கள் போட்டு வைக்கும் இழுப்பறையில் வைத்தேன். புதன் வைத்திருந்தேன். வியாழனும் வெள்ளியும் வைத்திருந்தேன். வெள்ளித் தொழுகை முடிந்து வரும்போது எந்தாங் என் பக்கத்திலேயே நடந்து வந்தான். செருப்பு வார் அறுந்ததைப் பற்றிப் பேசினான். நானும் செருப்பைப் பற்றியே பேசினேன்.

சனிக்கிழமை, தேய்க்கிற நாள், காலையில் ஊற்றிலிருந்து சத்தம் கேட்டது. பாட்டு, சிரிப்பு, பிரஷ் சத்தம். காப்பி குடிக்க உட்கார்ந்தேன், குடிக்க முடியவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மேல்விளிம்பில் கிழக்குப் பாதி முடிந்துவிட்டது. பாறை வெள்ளையாக, புதுப் பல் மாதிரி பளபளவென்று இருந்தது. சாரத்தின்மேல் எந்தாங்கே பிரஷ்ஷோடு நின்றான்.

"நிறுத்து" என்றேன்.

"அபா, இன்னைக்கு வேண்டாம். தேய்க்கிறவங்களுக்குச் சோறு இறக்கியாச்சு, கோழி வெந்தாச்சு."

"பாண்டுங்குலேருந்து கடிதம்."

"பழைய கடிதம்தானே?"

"புதுசு. நீ வாசிக்காதே. நான் வாசிக்கிறேன்."

முழுவதையும் வாசித்தேன். உங்கள் வாக்கியத்தையும் வாசித்தேன். என் வாக்கியத்தையும் வாசித்தேன். எண்பது பேர் இருந்தார்கள். எந்தாங் சாரத்திலிருந்து மெதுவாக இறங்கினான்.

"பெட்ரோல்லயா அபா?"

"ஆமா."

"பிரஷ் போட்டா?"

"ஆமாடா."

"அப்ப எங்களை மட்டும் ஏன் அபா திட்டினீங்க?"

அப்போது சிரித்தார்கள். இமாஸ்தான் முதலில் சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு நெடுநேரம் நீடித்தது. நான் அங்கேயே நின்றேன், போகவில்லை. சிரித்து முடித்த பிறகு எந்தாங் பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, கடிதம் எந்தத் தேதி என்று பார்த்தான். அப்புறம், எப்போது வந்தது என்று கேட்டான். புதன்கிழமை என்றேன். அவன் மேலே வெள்ளையாக இருந்த பாதியைப் பார்த்தான். அவன் அன்றைக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்ததில் இப்போது மேற்கே மீதி ஒரு உள்ளங்கை அகலம். அது ஈரமாக இருக்கிறது, பச்சையாக இருக்கிறது. நேற்றும் இன்றும் கீழே நின்று பார்த்தேன்.

நீங்கள் ஒற்றை வித்துப்பையைப் பார்த்துப் பெயர் வைத்தது பிழைதான். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் பிழையை என் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

இனி ஆக வேண்டியது:

எந்தாங் சாரத்தைப் பிரித்துவிட வேண்டும். வரும் திங்கட்கிழமை பிரிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பிரிக்கும்போது மேற்குப் பக்க மூங்கில் பாறையில் உரசக் கூடாது. குழாய் வாயில் கம்பி வலை போட்டால் பாசி போகாது. வலை வாங்குவது கமிட்டி, வளைத்துக் கொடுப்பது நான்.

ஊற்றுப் பாறைகளைத் தேய்ப்பவர்கள் அடுத்த வருடத்திலிருந்து தோள் உயரத்துக்கு மேல் தேய்க்கக் கூடாது. இதைக் கமிட்டிப் புத்தகத்தில் எழுத வேண்டியது எழுத்தர். எழுதினாரா என்று பார்க்க வேண்டியது இமாஸ். அவள் விட மாட்டாள்.

பழைய பொட்டலத்தை நீங்கள் தூக்கி எறியக் கூடாது. பதினொரு இலையும் அந்தத் துண்டும் அப்படியே இருக்கட்டும். தாளில் என் பெயரை எழுதி, பக்கத்தில் நான் செய்ததையும் எழுதுங்கள். லென்ஸ் வைத்திருக்கிற யாராவது இன்னொருவன் அதைப் பார்க்க வேண்டும்.

முழங்கால் சரியானதும் நீங்கள் வர வேண்டும். ஏறும் இடத்தில் பதினேழு படி இருக்கிறது. கைப்பிடி மூங்கில் கட்ட வேண்டியது எந்தாங், சொல்லிவிட்டேன். அபா என்று கூப்பிடலாம்.

வெள்ளையாக இருக்கிற பாதிக்கு யாரும் ஒன்றும் செய்யக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. பாசி கொண்டுவந்து ஒட்டக் கூடாது. மேற்கிலிருந்து பிய்த்து நடக் கூடாது. தினமும் போய் லென்ஸ் வைத்துப் பார்க்கக் கூடாது. இது ஊரில் எல்லாருக்கும். முதலில் எனக்கு.

ஓடங் ஜும்ஹானா